ஒன்பது நாள் வேட்டைக்கு எந்த நாய்?

கேள்வி: டாக்டர் அக்காவுக்கு வணக்கம். கனடாவின் மனிடோபாவில், வின்னிபெக்குக்கு வடமேற்கே ஒரு சிற்றூரில் இருக்கிறோம். சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் அழைத்துப்போய்ப் பழக்கியதில் இரண்டு ஆண்டுகளாக வாத்து வேட்டைக்குப் போகிறேன். உரிமம், அனுமதி எல்லாம் முறைப்படி எடுத்திருக்கிறேன். போன பருவத்தில் ஒன்பது நாள் போனேன். சுட்டு விழுந்த பறவைகளில் மூன்றை நாணலுக்குள் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் விட்டுவந்தது இன்னும் உறுத்துகிறது. அதனால் ஒரு நாய் வாங்கலாம் என்றிருக்கிறேன். செசபீக்தான் ஆண்பிள்ளை நாய் என்கிறார் நண்பர். ஏழு வயது மகளுக்குக் கோல்டன் வேண்டுமாம். எனக்கு லாப்ரடார் மேல் கண். வெள்ளி நிற லாப்ரடார் குட்டிகள் விற்பனைக்கு இருப்பதாக ஒரு விளம்பரமும் பார்த்தேன். மகனுக்கு மூன்று வயது. மனைவிக்கு நாய் என்றால் சிறு வயதிலிருந்தே கொஞ்சம் பயம். பழகிவிடும் என்று நினைக்கிறேன். எந்த இனம், ஆணா பெண்ணா, எப்படிப் பார்த்து வாங்குவது? இன்னொன்று: வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். நாய்க்கும் தமிழிலேயே கட்டளை சொல்லிப் பழக்கலாமா? மகள் இப்போதே 'மணி' என்று பெயர் வைத்துவிட்டாள்.

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்த 'ஒன்பது நாள்'தான். வேட்டைக்கு நாய் வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்பவர்கள் தண்ணீர், பனி, நாணல், துப்பாக்கி என்றே பேசுவார்கள். ஆண்டுக்கு எத்தனை நாள் போவீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். நீங்கள் எண்ணிச் சொல்லிவிட்டீர்கள். ஒன்பது போக மீதி 356 நாளும் அந்த நாய் உங்கள் சமையலறை வாசலில் கிடக்கும். உங்கள் மகன் கையிலிருக்கும் தோசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஜனவரியில் மைனஸ் முப்பது டிகிரியில் வெளியே போகச் சொன்னால் உங்களைத் திரும்பிப் பார்க்கும். அப்படியென்றால் ஏதாவது ஒரு வீட்டு நாயை வாங்கிவிட்டு வேட்டையைக் கொசுறாக வைத்துக்கொள்ளலாமா என்றால், அதுவும் இல்லை. இரண்டுக்கும் வேண்டிய குணம் ஒன்றேதான்: சும்மா இருக்கத் தெரிய வேண்டும்.

விருதுநகர்ப் பக்கத்துக்காரர் என்பதால் உங்களுக்கு இதை விளக்குவது எளிது. என் தாத்தா ஒரு கன்னி நாய் வைத்திருந்தார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முந்தைய கதை. கரிசல் காட்டில் முயல் எழும்பினால் போதும், கயிறு அவிழ்ந்ததும் அவிழாததுமாக அது பாதித் தூரம் போயிருக்கும். கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் கண்டதைத் துரத்திப் பிடிக்கும் நாய்கள். ஓடுவதைக் கண்டால் தானும் ஓட வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை. வேட்டைநாய் என்றதும் நம் ஆட்களின் மனத்தில் எழும் படம் அதுதான்.

நீங்கள் சொல்லும் மூன்றுமே ரிட்ரீவர், அதாவது சுட்ட பறவையை எடுத்துவரும் நாய். அதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதன் வேலை துப்பாக்கி வெடித்த பிறகுதான் தொடங்குகிறது. அதுவரை, விடியும் முன்பிருந்தே, ஈரத்தில், உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வாத்துக் கூட்டம் தலைக்கு மேல் வட்டமடிக்கும்போது முனகக்கூடக் கூடாது. பறவை விழுந்தாலும் பாயக் கூடாது. விழுந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, நீங்கள் பெயர் சொல்லி அனுப்பும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு நீந்திப் போய், கவ்வி, குதறாமல் கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து வாத்தைச் சுத்தம் செய்யும்போது விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள். நாய் கவ்விய இடம் நொறுங்கியிருந்தால் அந்த வாய் வேட்டைக்கு ஆகாது. அதே வாயில்தான் நாளைக்கு உங்கள் மகனின் கையும் விளையாட்டாகப் போகும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று பறவைகள் உறுத்துவது நல்லதுதான். சுட்ட பறவையை உடனே மீட்டெடுக்கத் தக்க வழியில்லாமல் வேட்டையாடக் கூடாது என்பது இங்குள்ள புலம்பெயர் பறவைகள் விதிமுறையிலேயே இருக்கிறது. இறக்கை மட்டும் அடிபட்ட மல்லார்ட் வாத்து நாணலுக்குள் புகுந்து, அலகை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு பதுங்கிவிடும். நீங்களும் நண்பரும் இடுப்பளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் துழாவினாலும் கிடைக்காது. நல்ல நாய் காற்றுக்கு எதிர்முகமாகத் திரும்பி மோப்பம் பிடித்து, இரண்டு சுற்றுச் சுற்றி, தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

இனி இனங்களுக்கு வருகிறேன். செசபீக் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. 1807-இல் மேரிலாந்து கரைக்கு அருகே மூழ்கிக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலக் கப்பலிலிருந்து இரண்டு குட்டிகளைக் காப்பாற்றினார்கள். செய்லர், கேன்டன் என்று பெயரிட்டார்கள். அந்த இரண்டிலிருந்து கிளைத்த வம்சம் இது என்பது வழிவழியாக வரும் வரலாறு. அங்குள்ள செசபீக் விரிகுடாவில் வாத்துகளைச் சுட்டுச் சந்தைக்கு அனுப்பிப் பிழைத்தவர்களுக்கு, பனிக்கட்டிக்கு நடுவே நாள் முழுக்க நீந்தக்கூடிய நாய் தேவைப்பட்டது. செசபீக்கின் முடியைத் தொட்டுப் பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு கையில் ஒட்டும். வாத்தின் இறகைப் போலத்தான். கரையேறி ஒரு தடவை உதறினால் உடம்பில் பெரும்பகுதித் தண்ணீர் போய்விடும். அக்டோபர் கடைசியில் தண்ணீர் உறையத் தொடங்கும் நாட்களுக்கு இதைவிடப் பொருத்தமான நாய் இல்லை.

ஆனால் அந்தச் சந்தை வேட்டைக்காரர்கள் படகையும் பிடித்த வாத்துகளையும் காவல் காக்கவும் இதே நாயைத்தான் விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் காவல் புத்தி இன்னும் போகவில்லை. வீட்டார் மேல் உயிரையே வைத்திருக்கும். புதியவர்களை எடைபோட்டுத்தான் உள்ளே விடும். ஒரு தடவை அநியாயமாகத் திட்டினால் ஒரு வாரம் முகம் கொடுக்காது. தீபாவளிக்கு இருபது பேர் கூடும் வீட்டில், நாய்க்குப் பயப்படும் ஒருவர் இருக்கும் வீட்டில், முதல் நாயாக இதை நான் சொல்ல மாட்டேன். 'ஆண்பிள்ளை நாய்' என்பதற்கு ஒரே ஒரு பதில்: என்னிடம் வரும் செசபீக்குகளில் மிக நன்றாகப் பழக்கப்பட்ட மூன்றும் பெண்கள் வளர்ப்பவை.

மகள் கேட்கும் கோல்டனைப் பார்ப்போம். ஸ்காட்லாந்து மலைநாட்டில், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆனவரின் பண்ணையில், 1868-இல் நௌஸ் என்ற மஞ்சள் நாய்க்கும் பெல் என்ற நீர் ஸ்பானியலுக்கும் பிறந்த நான்கு குட்டிகளில் தொடங்கிய வம்சம். சதுப்பில் பறவை எடுக்கவே பிறந்தது. நாற்காலிக்குக் கீழே படுத்து அழகு காட்டுவதெல்லாம் பிறகு வந்தது. குணத்தில் குறை சொல்ல முடியாது. முடியில் சொல்லலாம். செப்டம்பர் மாதத்து மனிடோபாவில் ஒரு கோல்டனைப் புல்வெளிக்குள் அனுப்பித் திரும்ப அழைத்தால், அந்த வட்டாரத்தில் உள்ள ஒட்டுமுள் அத்தனையும் வால் முடியில் வீடு வந்து சேரும். ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் ஒரு மணி நேரம் சீப்பும் கையுமாக உட்கார மகள் தயாரா என்று கேளுங்கள். இரண்டாவது விஷயம் மனத்தை வருத்துவது. கோல்டன்களில் புற்றுநோயால் இறப்பவை மிக அதிகம். ஏன் என்று கண்டுபிடிக்கவே மோரிஸ் விலங்கு நல அறக்கட்டளை 2012-இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கோல்டன்களைச் சேர்த்து ஒரு நெடுநாள் ஆய்வைத் தொடங்கியது. மண்ணீரலில் கட்டி உடைந்து, காலையில் நன்றாக இருந்த நாயை மாலையில் தூக்கிக்கொண்டு ஓடிவரும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கினால் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், கனடாவின் சொந்த நாய் என்பதால். நோவா ஸ்கோஷியாவின் யார்மவுத் பகுதியிலிருந்து வந்த டோலர். ரிட்ரீவர்களிலேயே சிறியது, 17 முதல் 23 கிலோ. நரி நிறம். கரையோரம் குச்சியைத் துரத்தித் துள்ளி விளையாடும். என்ன இது என்று வேடிக்கை பார்க்க வாத்துகள் நெருங்கி வரும். மறைவில் இருப்பவர் சுடுவார். கனடா கென்னல் கிளப் 1945-இல் ஏற்றுக்கொண்ட இனம். உருவம் சிறியது என்பதால் உங்கள் மனைவிக்குப் பிடிக்கலாம் என்று தோன்றும். ஆனால் உற்சாகம் வந்தால் அது எழுப்பும் கிறீச்சொலியைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பயப்படும் ஒருவருக்கு முப்பது கிலோ அமைதி நல்லதா, இருபது கிலோ அலறல் நல்லதா என்றால், நான் அமைதியின் பக்கம். தட்டைமுடி ரிட்ரீவர், சுருள்முடி ரிட்ரீவர் என்று இன்னும் இரண்டு உண்டு. நல்ல நாய்கள்தான். ஆனால் இங்கே கிடைப்பது அரிது. பல ஆண்டுகள் காத்திருக்க நேரலாம்.

ஆக, லாப்ரடார். உங்கள் கண் சரியான இடத்தில்தான் இருக்கிறது. நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு வலையிழுத்துக் கொடுத்த குட்டைமுடி நாய்கள் கப்பலேறி இங்கிலாந்து போய், அங்கே பிரபுக்கள் கையில் வேட்டைநாயாக உருவெடுத்தன. அங்குள்ள கென்னல் கிளப் 1903-இல் அதைத் தனி இனமாக ஏற்றது. அமெரிக்காவில் 1991 முதல் 2021 வரை ஒரு வருடம் விடாமல் பதிவில் முதலிடம் அதற்குத்தான். முடி குட்டை, பனிக்கட்டி ஒட்டாது. வால் நீர்நாயின் வாலைப் போல அடிபெருத்தது, தண்ணீரில் துடுப்பு. யார் தவறு செய்தாலும் மன்னித்துவிடும். முதன்முதலாக நாய் வளர்ப்பவர் தவறு செய்யாமல் இருக்கப்போவதில்லை, ஆகவே இது பெரிய தகுதி.

ஆனால் 'லாப்ரடார் வாங்குங்கள்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் உங்களுக்கு உதவியதாக ஆகாது. லாப்ரடார் என்ற ஒரு பெயருக்குள் இரண்டு மூன்று நாய்கள் ஒளிந்திருக்கின்றன. காட்சி அரங்குகளுக்காக வளர்க்கப்படுபவை கட்டை குட்டையாக, அகன்ற நெஞ்சோடு, நிதானமாக இருக்கும். சிலவற்றுக்குப் பறவையைப் பார்த்தால்கூட ஆர்வம் வராது. களப் போட்டிகளுக்காக வளர்க்கப்படுபவை ஒல்லியாக, நெருப்பாக இருக்கும். அந்தப் போட்டியில் ஒரு நாயை இன்னொரு நாயோடு ஒப்பிட்டுத்தான் பரிசு. நூறு மீட்டர், இருநூறு மீட்டர் தாண்டிக் கிடக்கும் பறவைக்குக் கோடு போட்டாற்போல் ஓடும் நாயே ஜெயிக்கும். அந்த வேகத்துக்காகப் பொறுக்கிய குட்டியைக் கூடத்தில் உட்கார வைப்பது கடினம்.

இது நான் பட்டுத் தெரிந்தது. இங்கு வந்த புதிதில், தாய் தகப்பன் இரண்டும் போட்டிகளில் வென்றவை என்ற பெருமையில் ஒரு கறுப்புக் குட்டி வாங்கினேன். கால்நடை மருத்துவர்தானே, சமாளித்துவிடலாம் என்ற திமிர். காலையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு வேலைக்குப் போவேன். திரும்பி வந்தால் கதவு நிலையின் ஒரு பக்கம் இருக்காது. பத்து மாதத்தில் சோபா, இரண்டு மிதியடி, சுவரில் ஒரு பலகை. நாயிடம் குறையில்லை, அதற்கு வேண்டிய வேலையை என்னால் கொடுக்க முடியவில்லை. கடைசியில் போட்டிகளுக்குப் பழக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். அங்கே அது ராஜாவாக இருந்தது. நான் ஒரு மாதம் அழுதேன்.

நீங்கள் தேட வேண்டியது நடுவில் இருப்பது. வேட்டைத் தேர்வு என்று ஒன்று தனியாக உண்டு. அதில் நாயை இன்னொரு நாயோடு ஒப்பிடுவதில்லை. வரையறுத்த வேலையைச் செய்ததா, அமைதியாக இருந்ததா என்பதைப் பார்த்துத் தேர்ச்சி தருவார்கள். குட்டியின் வம்சாவளித் தாளில் தாய், தகப்பன், தாத்தா, பாட்டி பெயர்களுக்குப் பின்னால் ஜே.எச்., எஸ்.எச்., எம்.எச். (ஜூனியர், சீனியர், மாஸ்டர் ஹன்டர்) என்றோ, கனடாவில் டபிள்யூ.சி. (வேலைத் தகுதிச் சான்று) வரிசையிலோ பட்டங்கள் இருக்கிறதா பாருங்கள். அவை இருந்தால் வேலைக்குத் தகுதி உண்டு. வீட்டுக்குத் தகுதியா என்பதற்கு நான் கேட்கச் சொல்லும் கேள்வி: 'தாய் நாய் இரவில் எங்கே தூங்குகிறது?' வீட்டுக்குள் தூங்கி, காலையில் குழந்தைகளோடு திரிந்து, சனிக்கிழமை சதுப்புக்குப் போகும் தாயின் குட்டி உங்களுக்கானது. நேரில் போகும்போது, தாயை உட்காரச் சொல்லிவிட்டுப் பயிற்சிக் கட்டையை எறியச் சொல்லுங்கள். கயிறில்லாமல் பொறுத்திருந்து, அனுப்பிய பிறகு போகிறதா? பத்து விளம்பரம் சொல்லாததை அந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும்.

பரிசோதனைச் சான்றுகள் இல்லாத இடத்தில் நின்று பேசவே வேண்டாம். இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் எக்ஸ்ரே எடுத்து, அவற்றைத் தரம் பார்க்கும் அமெரிக்க அமைப்பான ஓ.எஃப்.ஏ.வின் சான்று பெற்றிருக்க வேண்டும். இடுப்புக்கான இறுதிச் சான்று இரண்டு வயதுக்குப் பிறகுதான் தருவார்கள். ஆகவே ஒன்றரை வயதுத் தாயின் குட்டிக்கு அந்தச் சான்று இருப்பதாகச் சொன்னால் சிரித்துவிட்டுக் கிளம்புங்கள். கண் மருத்துவச் சான்று வேண்டும். மரபணுச் சோதனைகளில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன்: ஈ.ஐ.சி. நன்றாக ஓடியாடும் நாய், கடுமையாக வேலை செய்த ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் பின்னங்கால் துவண்டு விழும் நோய். தரையில் விழுந்தால் பெரும்பாலும் தானாக எழுந்துவிடும். ஆழமான தண்ணீரில் விழுந்தால்? இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் 2008-இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் வந்தால்தான் குட்டி பாதிக்கப்படும். இருவரில் ஒருவர் முழுச் சுத்தமாக இருந்தாலே போதும், குட்டி விழாது. எளிய சோதனைதான். அதைச் செய்யாத வளர்ப்பாளருக்கு வேட்டைநாய் விற்கும் உரிமை இல்லை என்பது என் கருத்து.

வெள்ளி நிற லாப்ரடாரை விட்டுவிடுங்கள். இனத்துக்கு ஏற்கப்பட்ட நிறம் மூன்றுதான்: கறுப்பு, மஞ்சள், சாக்லேட். வெள்ளி என்பது சாக்லேட் நிறத்தை நீர்க்கச் செய்யும் ஒரு மரபணுவின் வேலை. அது லாப்ரடாருக்குள் எப்படி வந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை; அதில் நான் தலையிடவில்லை. இந்த நிறமுள்ள நாய்களில் சிலவற்றுக்கு முடி உதிர்ந்து தோல் வெளியே தெரியும் கோளாறு வருகிறது. மைனஸ் முப்பதில் முடியில்லாத வேட்டைநாயை வைத்து என்ன செய்வீர்கள்? அதைவிட, நிறத்துக்காகக் குட்டி போடவைப்பவர் இடுப்பையும் குணத்தையும் பார்த்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

விலையில் இன்னொரு தந்திரம் உண்டு. 'பதிவுத் தாள் இல்லாமல் இவ்வளவு, தாளோடு இவ்வளவு' என்று இரண்டு விலை சொல்வார்கள். கனடாவின் விலங்கு வம்சாவளிச் சட்டப்படி, தூய இனம் என்று சொல்லி விற்பவர் ஆறு மாதத்துக்குள் பதிவுத் தாளைத் தந்தே ஆக வேண்டும். தாளுக்குத் தனி விலை கேட்பவர் சட்டத்தை அறியாதவர் அல்லது உங்களை அறிந்தவர். இரண்டும் ஆபத்து.

ஆணா பெண்ணா? பெண்ணையே எடுங்கள். 25 முதல் 32 கிலோவில் நிற்கும். படகில் ஏற்றி இறக்க எளிது. ஒரு சிரமம்: பருவச் சுழற்சி அக்டோபரில் வந்தால், மற்ற ஆண் நாய்கள் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போக முடியாது. அதற்காக அவசரப்பட்டு ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்துவிடாதீர்கள். பெரிய இனங்களில் மிக இளமையில் செய்தால் மூட்டுக் கோளாறுகள் கூடுவதாகக் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எலும்பு வளர்ந்து முடியட்டும். நாளை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இப்போது உங்கள் மனைவி. நாயைப் பற்றி அத்தனை வரிகள் எழுதியவர் அவர் பயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், 'பழகிவிடும்' என்று. நீங்கள் வேலைக்குப் போன பிறகு அந்த நாயோடு வீட்டில் இருக்கப்போவது யார்? பிறந்தநாள் ஆச்சரியம் போலக் குட்டியைக் கூடையில் கொண்டுவந்து இறக்கும் எண்ணம் இருந்தால் இன்றே கைவிடுங்கள். எட்டு வாரக் குட்டி பார்க்கப் பஞ்சுபோல இருக்கும். ஆனால் அடுத்த நான்கு மாதம் ஊசிப் பல்லால் புடவை முனை, குழந்தையின் குதிகால், கை எல்லாவற்றையும் கவ்வும். பயமுள்ள ஒருவருக்கு அதைவிட மோசமான தொடக்கம் இல்லை.

அதனால் உங்களுக்கு என் யோசனை குட்டி அல்ல. அடிப்படைப் பயிற்சி முடித்த இரண்டு மூன்று வயதுப் பெண் லாப்ரடார் ஒன்றைத் தேடுங்கள். வேட்டைத் தேர்வு வட்டாரத்தில் இப்படி நாய்கள் அவ்வப்போது விற்பனைக்கு வரும். போட்டிக்கு வேகம் போதவில்லை என்று ஒதுக்கப்பட்ட நாயே உங்கள் வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கலாம். குட்டியைவிட விலை பல மடங்கு. ஆனால் என்ன குணம், எவ்வளவு உயரம், இடுப்பு எப்படி, துப்பாக்கிச் சத்தத்துக்கு அஞ்சுமா, குழந்தையைக் கண்டால் என்ன செய்யும் என்பதெல்லாம் கண்முன்னே தெரியும். மனைவி நான்கைந்து தடவை போய்ப் பார்க்கட்டும். முதல் தடவை தொட வேண்டாம், ஒரே அறையில் உட்கார்ந்தால் போதும். அடுத்த தடவை அவரே 'உட்கார்' என்று சொல்லிப் பார்க்கட்டும். தான் சொன்னதும் ஒரு பெரிய நாய் அடங்கி உட்காருவதைப் பார்க்கும்போது பயத்தின் பிடி தளரும், பலரிடம் பார்த்திருக்கிறேன். அதன் பிறகும் அவர் வேண்டாம் என்றால், வேண்டாம். நண்பரின் நாயோடு போய்வாருங்கள்.

குட்டிதான் என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தால் முதல் இலையுதிர் காலத்தை மறந்துவிடுங்கள். ஆறு மாதக் குட்டியைச் சதுப்பில் உட்காரவைத்துத் தலைக்கு மேல் சுட்டால், ஆயுளுக்கும் வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாயாகிவிடும். சத்தத்தை எட்ட இருந்து, அது விரும்பும் ஒன்றோடு சேர்த்து, வாரக் கணக்கில் நெருக்கிக்கொண்டுவர வேண்டும். சத்தத்துக்குப் பழக்கக் குட்டியைத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லும் நண்பர் எல்லோருக்கும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

சாப்பாட்டில் நம் வீடுகளுக்குத் தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்காமல் செய்யும் ஒரு மரபணு மாற்றம் உண்டு என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். 'பாவம், பசிக்கிறது போல' என்று உங்கள் அம்மாவோ மாமியாரோ ஊரிலிருந்து வந்திருக்கும்போது சொல்வார்கள். அந்தப் பார்வைக்கு மயங்கினால் முடிந்தது. 48 லாப்ரடார்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து ஆயுள் முழுக்கத் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்தது. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது. சாம்பார் சோற்றில் வெங்காயம் இருக்கிறது. நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அது உடைக்கும். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பொங்கலன்று கேசரிக் கிண்ணத்தை நக்கிய நாய்க்கு வாந்தியெடுக்க மருந்து கொடுத்த அனுபவம் எனக்கு ஒரு முறைக்கு மேல் உண்டு.

சதுப்பிலும் சில கவனங்கள். கோடைக் கடைசியில் தண்ணீர் பச்சைப் பெயிண்ட் ஊற்றியதுபோல் இருந்தால் நாயை இறக்கவே வேண்டாம். அந்தப் பாசியின் நஞ்சு சில மணி நேரத்தில் கொன்றுவிடும். கெனோரா பக்கம் கிழக்கே போவீர்களானால், அங்கே ஈர மண்ணிலும் மட்கிய மரத்திலும் வளரும் பிளாஸ்டோமைசிஸ் என்ற பூஞ்சையை நினைவில் வையுங்கள். இருமல், மெலிவு, ஆறாத புண் எது வந்தாலும் மருத்துவரிடம் 'அந்தப் பக்கம் போயிருந்தோம்' என்று சொல்லுங்கள். உண்ணி மருந்து பனி விழும்வரை தவறக் கூடாது. குளிர்ந்த தண்ணீருக்கு நியோப்ரீன் மேலங்கி வாங்குங்கள். உடம்போடு ஒட்டிப் பொருந்த வேண்டும். தொளதொளவென்று இருந்தால் தண்ணீர் புகுந்து இழுக்கும், கிளையிலும் மாட்டும்.

கடைசியாகத் தமிழ்க் கட்டளை. தாராளமாக. நாய்க்கு மொழி கிடையாது, ஓசைதான். ஆனால் 'எடு', 'விடு' என்று இரண்டையும் வைத்துவிடாதீர்கள். காற்றடிக்கும் சதுப்பில், ஐம்பது மீட்டர் தள்ளி, இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். வாயில் வாத்தோடு நீந்தி வரும் நாய் நடுத் தண்ணீரில் குழம்பிப்போய்ப் போட்டுவிடும். எடுப்பதற்குத் தனியாகச் சொல்லே தேவையில்லை, ரிட்ரீவரைப் பெயர் சொல்லித்தான் அனுப்புவார்கள். 'இரு', 'வா', 'கொடு' போதும். நண்பருக்கும் அந்த மூன்றைச் சொல்லிக்கொடுங்கள். பயிற்சி பெற்ற நாயாக வாங்கினால் அதற்கு ஆங்கிலச் சொற்கள் முன்பே பழகியிருக்கும். முதலில் தமிழைச் சொல்லி உடனே ஆங்கிலத்தைச் சொன்னால் இரண்டு மூன்று வாரத்தில் மாறிவிடும். பெயரையும் அப்படித்தான் மாற்ற வேண்டும். 'மணி' நல்ல தேர்வு என்று மகளிடம் சொல்லுங்கள். இரண்டே எழுத்து, கடைசி எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், தண்ணீருக்கு மேல் தூரம் போகும். உங்கள் நண்பர் பணத்தைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொள்வார். முதல் வருடத்துக்கான என் பில்லைப் பார்த்த பிறகு நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.